பழைய ரேஞ்ச்பைண்டர் கேமராவுக்கு எந்த லென்ஸ்? கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பிலிம் கேமராவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் கம்ப்யூட்டர் வருகிறது. சில மாதங்களில் ஒரு ஸ்கேனர் வருகிறது. ஸ்கேனர் வந்ததும் பரணில் கிடக்கும் பழைய நெகட்டிவ் கவர்கள் கீழே இறங்குகின்றன. நெகட்டிவ்களோடு அப்பாவின் கேமராவும், மாமாவின் கேமராவும் சேர்ந்து இறங்குகின்றன. "இதில் இன்னும் படம் எடுக்க முடியுமா?" என்ற கேள்வி அடுத்து வந்துவிடும்.

முடியும். பிலிம் இன்றும் கிடைக்கிறது. பல கேமராக்களின் உடல் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போயிருப்பது பெரும்பாலும் லென்ஸ்தான். புது லென்ஸ் தேடப் போனால் தலை சுற்றும் அளவுக்குப் பெயர்களும் எண்களும் வந்து நிற்கும். விலையும் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகும். எதை வாங்குவது என்று தீர்மானிக்க உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரே உதவி செய்யும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

முடிச்சூரில் இருந்து வந்த கேமரா

என் அத்தை வீடு மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூரில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்குள் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அத்தை வீட்டுத் தரைத்தளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். அங்கே இருந்த ஆறு போட்டோ ஆல்பங்களும் கூழாகிவிட்டன. பரண் மேலிருந்த தகரப் பெட்டி மட்டும் தப்பியது. அதில் நெகட்டிவ்களும், மாமா 1970களில் மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய சோர்க்கி-4 கேமராவும் இருந்தன.

நெகட்டிவ்களை நானும் அத்தை மகனும் சேர்ந்து ஸ்கேன் செய்தோம். கூழான ஆல்பங்களின் படங்கள் அப்படித்தான் திரும்பக் கிடைத்தன. மானிட்டரில் அவற்றைப் பார்த்ததும் மாமாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. "என் சதாபிஷேகத்துக்கு இந்த கேமராலதான்டா படம் எடுக்கணும். எத்தனை போட்டோகிராபர் வேணும்னாலும் வரட்டும், இதுலயும் ரெண்டு ரோல் எடு" என்றார். கேமராவின் ஷட்டரைச் சோதித்தோம். வேலை செய்தது. லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. "மச்சான், இதுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று அத்தை மகன் கேட்டான்.

விழாவுக்கு இரண்டரை மாதம் இருந்தது.

ரேஞ்ச்பைண்டர் என்பது என்ன?

எஸ்எல்ஆர் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கிறீர்கள். ரேஞ்ச்பைண்டரில் அப்படி அல்ல. மேலே ஒரு தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். நடுவில் ஒரு சிறிய கட்டத்தில் காட்சி இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் அந்த இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானால் போகஸ் சரி என்று பொருள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. முதலாவது, லென்ஸ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வியூபைண்டரில் காட்சி பளிச்சென்றே தெரியும். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முழு ரோலையும் எடுத்து முடித்த புண்ணியவான்கள் உண்டு. அதனால் கடையில் கண்ணருகே வைத்துப் பார்த்து "படம் நல்லாத் தெரியுதே" என்று வாங்கக் கூடாது. இரண்டாவது, எந்த லென்ஸைப் போட்டாலும் வியூபைண்டர் மாறாது. உங்கள் கேமராவின் வியூபைண்டரில் எந்த லென்ஸுக்கான கட்டம் இருக்கிறதோ, அந்த லென்ஸ்தான் உங்களுக்கு வசதியான லென்ஸ். சோர்க்கி-4ல் 50 மி.மீ. லென்ஸுக்கான காட்சி மட்டுமே தெரியும். 1954ல் வந்த லைக்கா எம்3ல் 50, 90, 135 மி.மீ. கட்டங்கள் உண்டு, 35 கிடையாது. 2000ல் கோசினா நிறுவனம் வோக்ட்லாண்டர் என்ற பெயரில் வெளியிட்ட பெஸ்ஸா ஆர் கேமராவில் 35, 50, 75, 90 நான்கும் உண்டு. கட்டம் இல்லாத லென்ஸைப் போட்டால், கேமராவின் தலையில் தனியாக ஒரு பைண்டரைச் செருகிக்கொண்டு ஒன்றில் போகஸ், இன்னொன்றில் காட்சி என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். பழகியவர்கள் செய்வார்கள். புதியவர்களுக்கு அது வேண்டாத வேலை.

ஸ்டாண்டர்ட் லென்ஸ் எது?

35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 43 மி.மீ. இந்த மூலைவிட்ட அளவை ஒட்டிய லென்ஸைத்தான் ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்கிறோம். கணக்குப்படி 43 இருக்க வேண்டும். ஆனால் 1925ல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தது. அதன் பிறகு உலகமே 50ஐப் பிடித்துக்கொண்டது. லென்ஸைக் கழற்ற முடியாத ரேஞ்ச்பைண்டர்களில் மட்டும் 40, 45 என்று கொஞ்சம் அகலமாக வந்தன. நம் வீடுகளில் அதிகம் அகப்படும் யாஷிகா எலக்ட்ரோ 35ல் 45 மி.மீ.; கானன் கானோனெட் கியூஎல்17 ஜிஐஐஐயில் 40 மி.மீ. உங்களிடம் இருப்பது இந்த வகை என்றால் லென்ஸ் வாங்கும் கவலை உங்களுக்கு இல்லை. கட்டுரையில் பூஞ்சை, ஸ்கேனர் பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா என்றால் போட்டி 35, 40, 50 என்ற மூன்றுக்கும் இடையில்தான். மில்லி மீட்டர் எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அடிக்கணக்கில் சொல்கிறேன். பத்தடி தூரத்தில் நின்றால் 50 மி.மீ. லென்ஸ் 7.2 அடி அகலத்தைப் பிடிக்கும். 40 மி.மீ. 9 அடி பிடிக்கும். 35 மி.மீ. 10 அடிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். கணக்கு எளிது: 36ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே போதும்.

இப்போது உங்கள் வீட்டு ஹாலை நினைத்துப் பாருங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து அபார்ட்மெண்ட் ஹாலில் சோபாவுக்கு எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றாலும் பத்தடி கிடைப்பது கஷ்டம். 50ல் சோபாவில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் வருவார்கள். நாலாவது ஆள் பாதிதான் வருவார். 35 என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆனால் ஓரத்தில் இருப்பவர் முகம் கொஞ்சம் இழுபட்டுத் தெரியும். பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும். 40 இரண்டுக்கும் நடுவில் சமாதானம். எனக்குப் பிடித்தது 40தான். ஆனால் அதற்கான கட்டம் உள்ள கேமராக்கள் மிகக் குறைவு. 1973ல் வந்த லைக்கா சிஎல், பின்னால் வந்த பெஸ்ஸா ஆர்3ஏ போன்ற சிலவே.

வாங்கும் முன் ஒரு சோதனை

எந்த லென்ஸ் உங்களுக்குச் சரி என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். உங்கள் போனில் எடுத்த கடந்த ஓராண்டுப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி கேபிளை இணைத்துத் தனி போல்டர் ஒன்றில் காப்பி செய்திடவும். ஏதாவது ஒரு படத்தில் ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபைத் திறக்கவும். கீழே நகர்ந்தால் "35எம்எம் போகல் லெங்த்" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் படம் 35 மி.மீ. பிலிம் கணக்கில் எந்த லென்ஸுக்குச் சமம் என்பதை அது சொல்கிறது. பல போன்களின் முக்கிய கேமரா 24 முதல் 26 வரை காட்டும். 2எக்ஸ் வைத்து எடுத்தால் ஏறக்குறைய 50.

இனி ஒரு வாரம் போனை 2எக்ஸில் மட்டும் வைத்துப் படம் எடுங்கள். ஹாலில், மாடியில், தாம்பரம் மேற்கு சண்முகம் சாலைக் கடைத்தெருவில், ரயில் பிளாட்பாரத்தில், எம்சிசி வளாகத்து மரங்களுக்கடியில், எங்கு போனாலும் 2எக்ஸ்தான். "பின்னால போக இடமில்லையே" என்று எத்தனை முறை தோன்றியது, "இன்னும் கிட்டப் போகணுமே" என்று எத்தனை முறை தோன்றியது என்று குறித்து வையுங்கள். முதலாவது அதிகம் என்றால் 35 அல்லது 40. இரண்டாவது அதிகம் என்றால் 50. (வண்டலூர் பூங்காப் புலியையும் பள்ளிக்கரணைப் பறவைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு எந்த ஸ்டாண்டர்ட் லென்ஸும் உதவாது. ரேஞ்ச்பைண்டரே உதவாது.)

மாமாவின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தபோது ஒன்றைக் கவனித்தேன். எல்லாமே 50ல் எடுத்தவை. வேறு லென்ஸ் அவரிடம் இருந்ததே இல்லை. ஹால் சின்னது என்பதால் குடும்பப் படங்களை எல்லாம் வாசலிலும் மொட்டை மாடியிலும் எடுத்திருக்கிறார். அதனால்தான் அந்தப் படங்களில் முகங்களில் நல்ல வெளிச்சம் இருக்கிறது.

50 என்பது கற்றுக்குட்டிகளின் லென்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸையே வைத்திருந்தார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோது வானில் ஒரு ஒளி நகர்ந்ததைக் கண்டு கடிகாரத்தில் மணி பார்த்தவர்களில் அவரும் ஒருவர், மணி 8.47. நம் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறித் திண்டிவனம் வழியாகப் போனால் வரும் அதே ஊர்தான்.

எப்/1.4 வேண்டுமா, எப்/2 போதுமா?

லென்ஸின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த எண்தான். எண் குறையக் குறைய வாய் பெரியது, அதிக வெளிச்சம் உள்ளே வரும், விலையும் ஏறும். எப்/2.8ஐ விட எப்/2ல் இரண்டு மடங்கு வெளிச்சம். எப்/2ஐ விட எப்/1.4ல் இரண்டு மடங்கு.

வீட்டில் சாதாரண ட்யூப்லைட் வெளிச்சத்தில், 400 ஐஎஸ்ஓ பிலிமில் எப்/2 வைத்தால் ஷட்டர் 1/30 விநாடி வரும். ரேஞ்ச்பைண்டரில் கண்ணாடி எழுந்து அடிக்கும் அதிர்வு இல்லை என்பதால் 1/30ல் கையிலேயே எடுத்துவிடலாம். எப்/2.8 என்றால் 1/15. அசையாமல் உட்கார்ந்திருப்பவரை எடுக்கலாம், பேரக் குழந்தையை எடுக்க முடியாது. எப்/1.4 என்றால் 1/60, வசதிதான். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் எப்/2லேயே தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான். எப்/1.4ல் மூன்றரை செ.மீ. ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். பழைய கேமராவின் ரேஞ்ச்பைண்டர் துளி விலகியிருந்தாலும் முழுதும் மங்கல். பகலில் நிலைமை தலைகீழ். நம் ஊர் வெயிலில் 400 பிலிமைப் போட்டால் 1/500 விநாடியில் எப்/16 வைக்க வேண்டும். எப்/1.4க்குக் கொடுத்த காசு அப்போது சும்மா தூங்கும்.

எனவே என் கருத்து: முதல் லென்ஸ் எப்/2 போதும். வெளியில் மட்டும் எடுப்பவருக்கு எப்/2.8 அல்லது எப்/3.5 கூடப் போதும். மிச்சமாகும் பணத்தில் பிலிம் வாங்குங்கள். இன்று ஒரு கலர் ரோலின் விலையோடு டெவலப் செய்யும் கட்டணத்தையும் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

ஸ்கேனர் எவ்வளவு பார்க்கும்?

இதுதான் நம் பத்திரிகைக்கு உரிய பகுதி. லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கினால் படம் அந்த அளவுக்குக் கூர்மையாக இருக்குமா? நெகட்டிவைக் கண்ணால் பார்ப்பதில்லையே. ஸ்கேனர் வழியாகத்தானே பார்க்கப் போகிறீர்கள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு நெகட்டிவிலிருந்து சுமார் 3400க்கு 2270 பிக்ஸல் கிடைக்கும். அதாவது 7.7 மெகா பிக்ஸல். உங்கள் மானிட்டர் புல் எச்டி என்றால் அதில் இருப்பது 1920க்கு 1080, சுமார் 2 மெகா பிக்ஸல்தான். ஸ்கேன் செய்ததில் நாலில் ஒரு பங்கைத்தான் ஒரே நேரத்தில் திரை காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. 2400 டிபிஐ என்பது ஒரு மி.மீ.க்கு 94 பிக்ஸல். ஒரு கறுப்புக் கோடு, ஒரு வெள்ளைக் கோடு என்று ஜோடி ஜோடியாக எண்ணினால் மி.மீ.க்கு அதிகபட்சம் 47 ஜோடிகள். எப்/5.6 அல்லது எப்/8 வைத்தால், சுத்தமாக உள்ள ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ் படத்தின் நடுப்பகுதியில் இதை எளிதாகக் கொடுத்துவிடும். அட்டைப் பெட்டியில் 4800, 6400 என்று அச்சிட்டிருந்தாலும், வீட்டு உபயோக பிளாட்பெட் ஸ்கேனர்கள் உண்மையில் பிரித்துப் பார்ப்பது அதைவிட மிகக் குறைவு. ஆக, பாதையில் குறுகலான இடம் ஸ்கேனர்தான், லென்ஸ் அல்ல.

ஆனால் ஸ்கேனர் மறைக்காமல் காட்டிக்கொடுக்கும் குறைகள் மூன்று. லென்ஸ் உள்ளே பூஞ்சையும் மங்கலும் இருந்தால் படம் முழுவதும் பால் கலந்தது போல வெளிறியிருக்கும். கிம்ப் போன்ற இலவச சாப்ட்வேரில் லெவல்ஸ் பகுதிக்குப் போய்க் கறுப்பை இழுத்துச் சரி செய்யலாம். கூடவே பிலிமின் மணல் போன்ற புள்ளிகளும் பெரிதாகும். போகஸ் விலகியிருந்தால் எந்த சாப்ட்வேரும் காப்பாற்றாது. கை நடுங்கியிருந்தாலும் அப்படியே. இந்த மூன்றுக்கும் லென்ஸின் பெயரும் விலையும் சம்பந்தமே இல்லை.

நம் ஊர் எதிரி: பூஞ்சை

சென்னையில் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேட்கவே வேண்டாம். ஈரமும் இருட்டும் சேர்ந்த இடத்தில் லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை வளரும். நாள்பட்டால் கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்துவிடும். பிறகு சுத்தம் செய்தாலும் தடம் போகாது. கேமராவுடன் வந்த தோல் உறை பார்க்க அழகாக இருக்கும். அதைப் போல ஈரத்தைப் பிடித்து வைப்பது வேறில்லை.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது இப்படிப் பாருங்கள். அப்பர்ச்சரை முழுதும் திறக்கவும். போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கமாகச் சற்றுச் சாய்வாகப் பார்க்கவும். இரண்டு மூன்று தூசிகள் இருந்தால் கவலை இல்லை. நூல் நூலாகக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. மெல்லிய புகை படிந்தது போல இருந்தால் அது உள்ளிருக்கும் எண்ணெய் ஆவியாகிப் படிந்த மங்கல். ஓரத்தில் மண் நிறக் கோடு தெரிந்தால் அது தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். 2015க்குப் பிறகு நம் பகுதியில் பழைய கேமரா வாங்குபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். "துடைத்தால் போய்விடும் சார்" என்று விற்பவர் சொன்னால், துடைத்துக் கொடுங்கள், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

எந்த மறை, எந்த ஊர் லென்ஸ்?

ரேஞ்ச்பைண்டர் லென்ஸ்களில் இரண்டு வகைப் பொருத்துகள் அதிகம். ஒன்று 39 மி.மீ. மறை, திருகி மாட்ட வேண்டும். இன்னொன்று லைக்கா எம். வைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மறை லென்ஸை ஒரு சிறிய வளையம் போட்டு எம் கேமராவில் மாட்டலாம். எம் லென்ஸை மறை கேமராவில் மாட்டவே முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் லென்ஸ் ஷோகேஸுக்குத்தான்.

சோர்க்கி-4 மறை கேமரா. கிடைத்தவற்றில் மூன்றைப் பார்த்தோம். சோவியத் தயாரிப்பான இண்டஸ்டார்-61 எப்/2.8, இதுவும் கூர்மையான லென்ஸ்தான், ஆனால் மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாது. ஜப்பானின் கானன் 50 எப்/1.8, தயாரிப்புத் தரம் மிக நன்று, ஆனால் நாங்கள் பார்த்ததில் அப்பர்ச்சருக்குப் பின்னால் மங்கல் இருந்தது. மூன்றாவது, கேமராவுடன் முதலில் இருந்த அதே ஜூபிடர்-8 எப்/2. இது ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் 1930களில் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த சோனார் லென்ஸின் சோவியத் வாரிசு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 50 என்று எழுதியிருந்தாலும் எல்லா லென்ஸும் சரியாக 50 இல்லை. லைக்காவின் ரேஞ்ச்பைண்டர் 51.6 மி.மீ. என்ற அளவை வைத்து அமைக்கப்பட்டது. சோவியத் லென்ஸ்கள் காண்டாக்ஸ் வழியில் வந்ததால் சுமார் 52.4. தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டரில் எப்/2 வைத்து முகத்தை எடுத்தால் போகஸ் தள்ளிப் போகும். அதனால் ஜூபிடர்-8ஐ லைக்காவிலோ பெஸ்ஸாவிலோ மாட்டுபவர்கள் திணறுகிறார்கள். சோர்க்கியில் அது இயல்பாகப் பொருந்தும். லைக்கா, பெஸ்ஸா வைத்திருப்பவர்கள் வோக்ட்லாண்டர், கானன், ஜைஸ் இசட்எம், வசதி இருந்தால் லைக்கா சம்மிக்ரான் என்று போவதே நல்லது. எங்களுக்கு விடை ஜூபிடர்-8 என்று ஆனது. பூஞ்சை இல்லாத ஒன்று கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்தத் தொழிற்சாலை லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் குறிக்கும்; எங்களுடையது 68 என்று தொடங்கியது.

பிலிம் போடும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். சோர்க்கி-4ன் பின்மூடியைக் கழற்றி, பிலிம் போகும் தடத்தில் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை விறைப்பாக ஒட்டவும். ஷட்டரை 'பி'யில் வைத்து அழுத்திப் பிடித்தால் காகிதத்தில் காட்சி தலைகீழாக விழும். மொட்டை மாடியிலிருந்து தூரத்துத் தண்ணீர் டேங்கைப் பார்த்து, லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பாருங்கள். டேங்கின் விளிம்பு தெளிவாக இருந்து, ரேஞ்ச்பைண்டரிலும் இரு பிம்பங்கள் ஒன்றாகியிருந்தால் நல்லது. சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். இந்தக் கேமராக்களின் ஷட்டர் துணியால் ஆனது. மூடி போடாத லென்ஸ் வெயிலில் பூதக்கண்ணாடி வேலை செய்து துணியில் ஓட்டை போட்டுவிடும்.

பிறகு ஒரு ரோல். மேஜையில் ஸ்கேல் ஒன்றைச் சாய்வாக வைத்து, 15 செ.மீ. கோட்டில் போகஸ் செய்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரங்களில் எப்/2, எப்/2.8, எப்/4 என்று எடுத்தோம். பிலிமில் போன் படங்களைப் போல விவரங்கள் பதிவாகாது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்து, ஸ்கேன் செய்த பின் பைல் பெயரிலேயே சேர்த்துவிட்டோம். கம்ப்யூட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தக் கோடு தெளிவு என்பது தெரிந்துவிடும். 15க்குப் பக்கத்திலேயே இருந்தது.

குரோம்பேட்டை மண்டபத்தில் பதினைந்து அடி பின்னால் போக இடம் இருந்ததால் 50 நெருக்கடி தரவில்லை. கிட்டத்தட்ட 11 அடி அகலம் வந்தது. வீடியோக்காரர் விளக்கில் எப்/2.8, 1/60 போதுமானதாக இருந்தது. ஹோமப் புகையும் விளக்கும் நேராக வந்த மூன்று படங்கள் வெளிறிப் போயின; பழைய கோட்டிங் அவ்வளவுதான். மற்றபடி எண்பது வயது முகத்தை ஜூபிடர் கொஞ்சம் மென்மையாகவே காட்டியது. மாமா மானிட்டருக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுபத்திரண்டு படங்களையும் இரண்டு தடவை பார்த்தார்.

ஸ்கேன் செய்த பிறகு

ஸ்கேனரில் டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி இருந்தால் கலர் நெகட்டிவின் தூசி, கீறல்களை அதுவே நீக்கிவிடும். சாதாரண கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் இதைப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள வெள்ளியையே தூசி என்று நினைத்துப் படத்தைக் கெடுத்துவிடும். அவற்றை ஊதி, மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்திடவும். முக்கியமான படங்களை ஜேபெக்கில் அல்லாமல் டிஐஎப்எப் பைலாகச் சேமியுங்கள். 2400 டிபிஐயில் ஒரு படம் சுமார் 23 எம்பி. 36 படங்கள் கொண்ட ஒரு ரோல் 830 எம்பி. பழைய சிடி ஒன்றில் அடங்காது. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும்.

லென்ஸைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், நிறம் மாறியதும் சூடுபடுத்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். மாவுத் தூசி உள்ளே போகும். மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை இரண்டாக வாங்கி, இரண்டிலும் ஒரே போல்டரைக் காப்பி செய்து, வேறு வேறு வீட்டில் வையுங்கள். மாமாவின் படங்கள் ஒன்று முடிச்சூரில் முதல் மாடியில் இருக்கிறது. இன்னொன்று சேலையூரில் என் வீட்டில், பரண் மேல்.